என் பேரில் இன்னொருவன் வாங்கிய கடன்

ஆவணி மாதம். சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தேன். 3 ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா, 2 ஏக்கர் சீரகச் சம்பா. உழவுக்கும் நடவுக் கூலிக்குமாக கிசான் கார்டு கடனைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனேன். 11 வருஷமாக அதே கிளையில் வரவு செலவு. ஒரு தடவைகூட கெடு தாண்டியதில்லை. மேலாளர் கணினியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஐயா, வேற இடத்துல கடன் வாங்கி கட்டாம விட்டிருக்கீங்களே. சிபில்ல நிக்குது. அதை முடிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்."

"நான் எங்கயும் வாங்கலீங்களே சார்."

"உங்க பேரு, உங்க பான் நம்பர், உங்க பிறந்த தேதி. எல்லாம் உங்களுதுதான் ஐயா."

வைகாசி மாதம் 85,000 ரூபாய் கடன். மொபைல் ஆப் மூலமாகக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம். ஒரு தவணைகூட கட்டவில்லை. வட்டியும் அபராதமுமாக 97,400 ரூபாய் பாக்கி. அந்த நிறுவனத்தின் பேரையே நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

நடவு காத்திருக்காது. வீட்டம்மாவின் சங்கிலியை வட்டிக்கடையில் வைத்து ஒன்றரை லட்சம் வாங்கினேன். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி. 6 மாதத்துக்கு 18,000 ரூபாய். கிசான் கார்டில் கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீத வட்டி. அதே பணத்துக்கு 3,000 ரூபாயோடு முடிந்திருக்கும். யாரோ ஒருவன் என் பேரைத் திருடியதால் அந்தப் போகத்தில் எனக்கு நேர்ந்த முதல் நட்டம் இது.

அதிலிருந்து வெளியே வர தை மாதம் ஆகிவிட்டது. அந்த அனுபவத்தை நம் இதழில் எழுதச் சொன்னார்கள். கதையைவிட, எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்த வரிசை தெரியாமல் நான் முதல் பத்து நாளை வீணாக்கினேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

எப்படி நடந்தது

அன்றிரவு வீட்டம்மாவும் மகளும் நானும் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் ஆதார், பான் நகலை எங்கெங்கே கொடுத்தோம் என்று பட்டியல் போட்டோம். சொட்டுநீர் மானியம், பயிர்க் காப்பீடு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துப் பங்கு, அங்ககச் சான்றுக் குழு, கேஸ் இணைப்பு, சிம் கார்டு என்று 14 இடம் வந்தது. வீட்டம்மாதான் சொன்னார்: "ஏங்க, சித்திரையில சோலார் வேலி மானியம்னு ரெண்டு பசங்க வந்தாங்களே?"

ஆமாம், வந்தார்கள். வேப்பமரத்தடியில் மேசை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆதார், பான் இரண்டையும் போட்டோ எடுத்தார்கள். சின்ன மிஷினில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். "சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்றார்கள். என் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணை ஒரு தடவை மூடித் திறங்க ஐயா" என்றார்கள். 20 நிமிஷம்தான். நன்றி சொல்லி மோரும் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு தெரிந்தது: விரல் வைத்ததில் என் பேரில் ஒரு சிம் கார்டு. நான் சொன்ன ஓ.டி.பி.யில் என் பேரில், நான் அறியாத ஒரு வங்கிக் கணக்கு. கண் சிமிட்டியது, 'கடன் வாங்குகிறவர் உயிரோடு நேரில் இருக்கிறார்' என்று அந்த ஆப்புக்குக் காட்டிய சாட்சி.

முன்னறிவிப்புகளும் இருந்தன. நான்தான் கவனிக்கவில்லை. ஆடியில் இரண்டு மூன்று தடவை யாரோ கூப்பிட்டுக் கடன் பாக்கி என்றார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று போனை வைத்துவிட்டேன். பி.எம். கிசான் 2,000 ரூபாய் என் கணக்கில் ஏறவில்லை. கே.ஒய்.சி. ஏதோ பாக்கி போல என்று இருந்துவிட்டேன். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு மானியத்துக்காக இணைத்தோமோ அங்கேதான் போகும். என் தவணை அந்தப் புதுக் கணக்குக்குப் போயிருந்தது.

முதலில் செய்யக் கூடாத இரண்டு

ஒன்று, பணம் கட்டாதீர்கள். வசூலுக்குப் பேசுகிறவர், "இப்போ 5,000 மட்டும் கட்டுங்க, சிபிலை சரி பண்ணிடலாம்" என்பார். ஒரு ரூபாய் கட்டினாலும், 'கடன் என்னுடையதுதான்' என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அவர் அனுப்பும் லிங்க்கையும் தொடாதீர்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் தேதி, நேரம், நம்பரைக் குறித்து வையுங்கள்.

இரண்டு, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கே இயற்கை வேளாண்மை சொல்லிக்கொடுக்கிற ஆள் ஏமாந்துட்டானா என்று பேசுவார்களே என்ற கூச்சம். கடைசியில் வாய் திறந்தபோது, அதே வேப்பமரத்தடியில் விரல் வைத்த இன்னும் நாலு பேர் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதில் ஒரு பெரியம்மா பேரில் சிம் மட்டும்தான் எடுத்திருந்தார்கள், கடன் ஏறவில்லை. நான் அன்றே சொல்லியிருந்தால் மற்ற மூவரும் முன்கூட்டியே சுதாரித்திருப்பார்கள்.

மீள்வதற்கான வரிசை

1. முழு விவரத்தையும் எடுங்கள். இந்தியாவில் கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் இணையதளத்தில் பணம் கட்டும் பொத்தான்தான் கண்ணில் படும். இலவச அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கலாம்.

2. உங்கள் பேரில் எத்தனை சிம் என்று பாருங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் மொபைல் எண்ணைப் போட்டு, வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் பட்டியல் வரும். எனக்கு 3 எண் வந்தது, ஒன்று என்னுடையது அல்ல. 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே குறித்தேன். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தேன். பின்னால் அதுதான் பெரிய சாட்சியாக நின்றது.

3. ஆதார் எங்கே பயன்பட்டது என்று பாருங்கள். மைஆதார் இணையதளத்தில் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எந்தெந்தத் தேதியில், எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்ற விவரம் கிடைக்கும். எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். என் கணக்கில், முகாம் நடந்த அதே நாளில், அதே முற்பகலில், விரலும் ஓ.டி.பி.யும் அடுத்தடுத்து பதிவாகியிருந்தன. 6 மாதம் தாண்டினால் இந்த விவரம் கிடைக்காது. தள்ளிப்போடாதீர்கள்.

4. போலீஸில் புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிந்தால் ஒப்புகை எண் வரும். கணினி பழக்கம் இல்லாதவர்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும் என்பது சட்டம். நான் முதலில் போன நிலையத்தில், "உங்க பணம் எதுவும் போகலையே" என்று அனுப்பப் பார்த்தார்கள். "என் பேரில் கணக்கு ஓடுதுங்க. நாளைக்கு அதுல வேற யாரோட திருட்டுப் பணமாவது வந்தா என்னைத்தானே தேடி வருவீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் வாங்கினார்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒருவரின் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மின்னணு வழியில் திருடிப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம். புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

5. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். போனில் பேசுவது காற்றோடு போகும். அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். நான் கேட்டது ஐந்தே கேள்வி: கடன் பணம் எந்த வங்கியில் எந்தக் கணக்குக்குப் போனது? எந்த மொபைல் எண்ணிலிருந்து விண்ணப்பம் வந்தது? எந்த இடத்திலிருந்து, எந்தப் போனிலிருந்து? கொடுத்த ஆவணங்களின் நகல் எங்கே? ஒப்பந்தத்தில் கையெழுத்து எப்படிப் போடப்பட்டது? ஆப் வழியாகக் கொடுக்கும் கடன் நேராகக் கடன் வாங்குகிறவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அதனால் முதல் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலில்தான் எனக்குத் தெரியாத கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. உடனே அந்த வங்கிக்கும் எழுதி முடக்கச் சொன்னேன்.

6. கடன் விவர நிறுவனங்களில் மறுப்பு பதியுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, 'இந்தக் கடன் என்னுடையது அல்ல' என்று பதிய வேண்டும். அவர்களாக அழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தான் திருத்துவார்கள். ஆனால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டு, 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது.

7. 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். எனக்கு 28ஆம் நாள் பதில் வந்தது: "ஓ.டி.பி. உறுதியாகியுள்ளது, கடன் உங்களுடையதே." அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஓ.டி.பி. சொன்னது நான்தானே. மறுநாள் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதிந்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். என் தப்பை நான் மறைக்கவில்லை. மானியம் என்று நம்பி விரல் வைத்தேன், எண்ணைச் சொன்னேன் என்று உள்ளபடியே எழுதினேன். அதோடு சிம் பட்டியல், ஆதார் பதிவு, சி.எஸ்.ஆர். ரசீது, என் பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தேன். விண்ணப்பம் போன சிம் என்னிடம் இருந்ததே இல்லை, பணம் என் கைக்கு வந்ததே இல்லை என்பது காகிதத்தில் நின்றது. நிறுவனம் கடனை ரத்து செய்தது. தை மாதம், கதிர் அறுத்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. நாலு அறிக்கையிலிருந்தும் அந்தப் பதிவு போக இன்னும் ஒரு மாதம் ஆனது. போகாத ஒன்றுக்கு மறுபடி எழுதினேன்.

வேப்பமரத்தடிக்கு வந்த பையன்கள் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் என் பேர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

பணமே போயிருந்தால்

கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் மேலே சொன்ன வரிசைக்கு முன் 1930க்குப் போன் செய்யுங்கள். நிமிஷக் கணக்கு. பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும். அடுத்து உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஆளால் நடந்த மின்னணு மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நட்டம் உங்களுடையது அல்ல. தாமதிக்கத் தாமதிக்க உங்கள் பங்கு கூடும். நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் நேரம் வரை போனது உங்கள் கணக்கில்தான் விழும். அதனால் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

இனி கதவை அடைப்பது எப்படி

ஒருமுறை வெளியே போன ஆதார் நகலைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் அது யாருக்கும் பயன்படாமல் செய்ய முடியும்.

கைரேகையைப் பூட்டுங்கள். ஆதாரின் அதிகாரபூர்வ செயலியிலோ மைஆதார் இணையதளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' இருக்கிறது. உங்கள் மொபைல் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் கணக்கைக் காலி செய்த மோசடிகள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. பூட்டினால் அந்த வழி அடைபடும். ஒன்று நினைவில் வையுங்கள்: பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்காது. நான் இரண்டு தடவை வெறும் பையோடு திரும்பினேன். தேவைப்படும்போது சில நிமிஷத்துக்குத் திறந்துகொள்ளலாம், தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். வீட்டில் மகனோ மகளோ ஒருவர் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

நகல் கொடுக்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். அதுவும் மைஆதாரிலேயே கிடைக்கும். முழு ஆதார்தான் வேண்டும் என்றால், நகலின் குறுக்கே 'பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதி அதன் மேலேயே கையெழுத்துப் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கணினியில் விட்டுவந்த கோப்பை அழிக்கச் சொல்லுங்கள்.

வீடு தேடி வந்து விரல் கேட்பவருக்கு விரல் கொடுக்காதீர்கள். எந்த மானியமானாலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் 'பி.எம். கிசான்' என்ற பேரில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தால், உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. அவனுக்கும் போகும். யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். உங்கள் நண்பரின் போனே அவன் கையில் இருக்கலாம்.

நேரடி விற்பனை செய்கிறவர்களுக்கு ஒன்று. அரிசிப் பையில் நம் போன் நம்பர் இருக்கிறது. "மிலிட்டரி கேம்புக்கு 10 மூட்டை வேணும், முன்பணம் அனுப்ப இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று கூப்பிடுவார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போடுகிறீர்கள் என்றால் உங்கள் பணம் போகிறது.

தைக்கும் ஆடிக்கும் ஒரு தடவை, விதை நெல்லை எடுத்து வெயில் காட்டுகிற மாதிரி, இவற்றையும் எடுத்துப் பாருங்கள்: கடன் அறிக்கை, சிம் பட்டியல், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, நிலத்தின் வில்லங்கச் சான்று, பட்டா. வில்லங்கமும் பட்டாவும் இணையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். பான் வைத்திருப்பவர்கள் வருமான வரி இணையதளத்தில் தங்கள் பேரில் தெரியாத வரவு செலவு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நம் குழுக்களுக்கு

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்தியது. எங்கள் சான்றுக் குழுவின் வாட்ஸ்ஆப்பில் 23 பேருடைய ஆதாரும் சிட்டாவும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் மூன்று வருஷமாகக் கிடந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை, வசதிக்காகப் போட்டதுதான். ஆனால் யார் போன் தொலைந்தாலும் 23 பேரும் தொலைந்த மாதிரி.

போன கூட்டத்தில் அத்தனையையும் அழித்தோம். இனி நகல்கள் காகிதமாக, ஒருவர் பொறுப்பில், பீரோவில். யாருக்கு, எதற்கு, என்றைக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டு. ஊருக்குள் முகாம் என்று யார் வந்தாலும் முதலில் குழுவில் ஒரு தகவல். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 1930, ஆதாருக்கு 1947, குறைதீர்ப்பாளருக்கு 14448 என்று மூன்று எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சங்கிலியை மாசியில் மீட்டுவிட்டோம். வட்டியாகக் கட்டிய 18,000 திரும்ப வரப்போவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களில் ஒருவர் இன்றைக்கு ராத்திரி சிம் பட்டியலைப் பார்த்தால், அந்தப் பணம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.